பச்சைக் கட்டம், கறுப்புக் கட்டம்

30 ஆகஸ்ட் 2025, சனி

நேற்று மதிய உணவு வேளையில், எங்கள் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர் என் கைப்பேசித் திரையில் இருந்த 'டீமன் ஸ்லேயர்' கதையின் நாயகன் தஞ்சிரோவின் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் மகன் வைத்த படமா, மேடம்?" என்று கேட்டார். நான்தான் வைத்தேன் என்றும், பள்ளியில் படிக்கும்போது அனிமாக்ஸ் அலைவரிசையில் அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களைப் பார்த்துத் தொடங்கிய பழக்கம் இது என்றும் சொன்னேன். அவர் என் கைத்தறிப் புடவையை ஒரு கணம் பார்த்துவிட்டு, "உங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவே இல்லையே" என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்பது முகத்தில் தெரிந்தது.

எப்படி இருந்தால் தெரிந்திருக்கும் என்று கேட்டேன். மேசையைச் சுற்றி இருந்த நால்வரும் ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொல்ல ஒரு முழு உருவமே எழுந்து நின்றது: முழங்கை வரை தொங்கும் கறுப்பு டி-ஷர்ட், வெட்டாத முடி, தடித்த கண்ணாடி, பேட்ஜ் குத்திய முதுகுப்பை, குளிக்க மறந்த உடம்பு. அந்த உருவம் ஆண் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கல்லூரி நாட்களில் இதே உருவத்துக்கு அஞ்சித்தான் நான் என் விருப்பத்தை மூன்று ஆண்டுகள் தோழிகளிடம் மறைத்து வைத்திருந்தேன். அந்த மூன்று ஆண்டுகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இரவு அக்கா மகன் வந்திருந்தான். பிளஸ் டூ படிக்கிறான். செப்டம்பர் 12 அன்று வெளியாகும் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' படத்துக்குத் தஞ்சிரோ அணியும் பச்சை, கறுப்புக் கட்டம் போட்ட ஹவோரி என்ற ஜப்பானிய மேலங்கியை அணிந்து போக வேண்டும் என்றான். "சித்தி, நீங்கள் சொன்னால் அம்மா ஒத்துக்கொள்வார்கள்" என்றான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. இருக்கிற கறுப்புச் சட்டைகள் போதாதா, வேடம் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டாள். நான் தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

2 செப்டம்பர் 2025, செவ்வாய்

மேசையில் எழுந்த அந்த உருவம் எங்கிருந்து வந்தது என்பதை எழுதி வைக்க நினைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறந்த ஆண்டு உண்டு. 1983 இல் நகமோரி அகியோ என்ற எழுத்தாளர் 'மங்கா புரிக்கோ' இதழில் எழுதிய தொடரில்தான் 'ஒட்டாகு' என்ற சொல் அனிமே, சித்திரக்கதை ரசிகர்களுக்குப் பட்டப்பெயராக ஒட்டப்பட்டது. அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் 'தங்கள் இல்லம்' என்பதாகும். எதிரே இருப்பவரை மரியாதையாகக் குறிக்க ஜப்பானியர் வழங்குவது. நம் ஊரில் துணையைப் பெயர் சொல்லாமல் 'வீட்டில்' என்று குறிப்பிடும் கூச்சத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ரசிகர்கள் ஒருவரையொருவர் அப்படி விளித்துக்கொண்டதை நகமோரி கேலிக்கு எடுத்துக்கொண்டார்.

கேலியின் பெரும்பகுதி உடையைப் பற்றியது என்பதுதான் என்னை உறுத்துகிறது. ரசிகர்களே வரைந்து வெளியிடும் சித்திரக்கதைகளை விற்கும் கோமிகெட் சந்தைக்கு வந்தவர்களின் முடிவெட்டையும், புடைத்த முதுகுப்பையையும், இத்தோ யோகாதோ, செய்யு போன்ற பேரங்காடிகளில் அம்மா வாங்கிக் கொடுத்த சட்டை கால்சட்டையையும் அவர் அடுக்கி எழுதினார். அம்மா வாங்கித் தந்த சட்டையைப் போட்டுக்கொள்வது எந்தக் குணத்துக்கு அடையாளம்? தீபாவளிக்குத் தி. நகரில் அம்மா எடுத்துத் தந்ததைத்தானே பள்ளி முடியும் வரை நாங்கள் எல்லோரும் உடுத்தினோம்! கைச்செலவுப் பணத்தை ஒரு மாணவன் சட்டைக்குப் பதிலாகப் புத்தகத்துக்குக் கொடுத்தான் என்பதைத் தவிர, அந்த வருணனையிலிருந்து என்னால் வேறு எதையும் கண்டுகொள்ள முடியவில்லை. அந்த இதழின் ஆசிரியர் ஒட்சுகா எய்ஜியே தொடரை நிறுத்திவிட்டார் என்பது எனக்கு ஆறுதலான செய்தி. ஆனால் சொல் நிற்கவில்லை. 2005 இல் வெளிவந்த 'டென்ஷா ஒடொக்கோ' என்ற ஜப்பானியப் படத்தில், காதலியைச் சந்திக்கப் போகும் முன் ஒட்டாகு நாயகன் முடியை வெட்டிக்கொண்டு புதுச் சட்டை வாங்குகிறான். அவனுக்கு மதிப்புக் கிடைப்பது பழைய உடையைக் கழற்றிய பிறகுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1975 டிசம்பரில் நடந்த முதல் கோமிகெட்டுக்கு வந்தவர்கள் சுமார் 700 பேர்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளி மாணவிகள். ஆண் உருவத்தை வரைந்துவிட்டு, தொடக்கத்திலேயே அங்கே இருந்த பெண்களை அந்தப் படத்திலிருந்து அழித்துவிட்டார்கள்.

6 செப்டம்பர் 2025, சனி

காலையில் பாரிமுனை கோடவுன் தெருவில் பச்சையும் கறுப்பும் மாறி மாறி வரும் பெரிய கட்டத் துணி கேட்டு ஏழு கடைகள் ஏறி இறங்கினோம். எல்லாக் கடையிலும் லுங்கியைத்தான் எடுத்துப் போட்டார்கள். கட்டம் என்றால் இந்த ஊருக்கு லுங்கி, தவறும் இல்லை. நம் கட்டத் துணி 'மதராசுக் கைக்குட்டை' என்ற பெயரில் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரை போயிருக்கிறது. ஜப்பானிய மொழியில் இன்றும் 'மதோராசு செக்கு' என்ற சொல் வழங்குகிறது. டோக்கியோவில் அனிமே கடைகள் நிறைந்த அகிஹபாரா பகுதியின் ரசிகர் என்றதும் ஜப்பானியர் கேலிச்சித்திரத்தில் வரைவது, கால்சட்டைக்குள் செருகிய கட்டம் போட்ட சட்டையை. ஒரே கட்டம் ஓரிடத்தில் உழைப்பாளியின் உடையாகவும், ஓரிடத்தில் விலையுயர்ந்த ஏற்றுமதிச் சரக்காகவும், இன்னோரிடத்தில் ஏளனத்துக்கு உரியதாகவும் இருக்கிறது என்றால், அந்த ஏளனத்தைத் துணி சம்பாதிக்கவில்லை.

தஞ்சிரோவின் கட்டத்துக்கும் பழைய வரலாறு உண்டு. 'இச்சிமத்சு' என்ற அதன் பெயர், 18ஆம் நூற்றாண்டில் அதை மேடையில் உடுத்திய சனோகாவா இச்சிமத்சு என்ற கபுகி நாடக நடிகரிடமிருந்து வந்தது. டோக்கியோ 2020 ஒலிம்பிக் சின்னத்திலும் அதே கோலம்தான் இருந்தது. கதையை வெளியிடும் ஷூயெய்ஷா நிறுவனம் அதை வணிகக்குறியாகப் பதிய 2020 இல் விண்ணப்பித்தபோது, ஜப்பானியக் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. யாரும் உடுத்தலாம் என்று அதற்கு நான் பொருள் எடுத்துக்கொண்டேன்.

கட்டத்தை நாங்களே பூசிக்கொள்வது என்று முடிவுசெய்து, மாலையில் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வழக்கமான மேட்சிங் கடைக்கே போய்விட்டோம். உள்பாவாடைக்கான பாப்ளினில் தேவையான பச்சை இருந்தது. கடைக்கார அண்ணன் வழக்கம்போல், "புடவையைக் காட்டுங்கள், பொருத்திப் பார்ப்போம்" என்றார். அக்கா மகன் கைப்பேசியில் தஞ்சிரோவைக் காட்டினான். அவர் சிரிக்கவில்லை, மூன்று பச்சைகளைப் படத்துக்கு அருகில் பிடித்துப் பார்த்து, நடுவில் இருந்ததை வெட்டிக் கொடுத்தார். 90 செ.மீ. அகலத்தில் 4 மீட்டர். இணையத்தில் பாலியஸ்டர் ஹவோரி ஆயத்தமாகவே கிடைக்கிறது என்றாலும், செப்டம்பர் வெயிலில் அதை ஒரு பிள்ளைக்குப் போட்டுவிட எனக்கு மனம் இல்லை.

9 செப்டம்பர் 2025, செவ்வாய்

துணியை அலசிக் கஞ்சியைப் போக்கி, அட்டையில் 6 செ.மீ. சதுரம் வெட்டி, ஞாயிறும் திங்களுமாகத் துணிச்சாயம் பூசினோம். மொத்தம் 495 கறுப்புக் கட்டங்கள். காய்ந்த பிறகு மறுபக்கத்தில் இஸ்திரி போட்டு, இன்று தையற்காரரிடம் கொடுத்தேன். தோளிலும் கையிலும் கட்டம் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்றால் துணி கூடுதலாகப் பிடிக்கும் என்று அவர் கவலைப்பட்டார். நான்கு மீட்டர் வாங்கியது நல்லதாயிற்று.

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

தமிழில் பேசும் காட்சிக்குத்தான் போனோம். அரங்க முகப்பில் ஹவோரிகள் பத்துப் பன்னிரண்டு, கறுப்பு டி-ஷர்ட்டுகள் பல. அவற்றுக்கு நடுவே சுடிதாரும், வேட்டியும், பேரனைக் கையில் பிடித்த ஒரு பாட்டியின் சுங்குடிப் புடவையும் இருந்தன. அக்கா மகனைப் படம் எடுக்க நான்கைந்து பேர் வந்தார்கள். அவன் தோள் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தபோது, உடையைப் பற்றி நான் இத்தனை நாள் எழுதியதில் ஒரு பாதி விடுபட்டிருப்பது புரிந்தது. உடை மகிழ்ச்சியையும் தருகிறது. விரும்பி அணிகிறவனிடமிருந்து அதைப் பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் இடைவேளையில் கேட்டது நெஞ்சில் தங்கிவிட்டது. தஞ்சிரோவின் தங்கை நெசுக்கோவின் படம் போட்ட டி-ஷர்ட் அணிந்த கல்லூரிப் பெண் ஒருத்தியை வழிமறித்து, அவள் வயதுப் பையன் ஒருவன், கதையின் தலைசிறந்த வாள்வீரர்களான ஹஷிராக்கள் ஒன்பது பேரின் பெயரையும் சொல், இல்லையென்றால் அந்தச் சட்டையை எதற்குப் போட்டாய் என்றான். அவள் ஏழு பெயர்களைச் சொல்லிவிட்டுத் தடுமாறினாள். வெளியார் உடையைப் பார்த்து நம்மைத் தள்ளினார்கள். நம்மவர் உடையைப் பார்த்து நம்மையே சோதிக்கிறார்கள். நான் அருகில் போய், "தம்பி, நான் புடவையில் வந்திருக்கிறேன், என்னை ஏன் கேட்கவில்லை?" என்றேன். அவன் வாய் திறக்காமல் விலகிப் போனான். அந்தப் பெண் என்னிடம் மெதுவாக, "எனக்கு ஒன்பதும் தெரியும் அக்கா, பதற்றத்தில் மறந்துவிட்டது" என்றாள். பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று அவள் நினைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

16 செப்டம்பர் 2025, செவ்வாய்

அக்கா ஹவோரியைத் தனியாக உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்திருக்கிறாள். சாயம் போகவில்லை. மொட்டை மாடிக் கொடியில் மாமாவின் நீலக் கட்ட லுங்கிக்குப் பக்கத்தில், நிழல் விழும் பக்கமாக, அதை உள்புறம் வெளியே திருப்பிக் காயப்போட்டிருந்தாள். மாலையில் எடுத்து வந்தபோது, இடது கைத் தையலில் ஒரு வரிசை அரை அங்குலம் இறங்கி, பச்சைக்குப் பச்சையே ஒட்டி நிற்பதைக் காட்டினாள். நானோ அக்கா மகனோ தையற்காரரோ அதைக் கவனித்திருக்கவில்லை. இப்படியே அடுத்த முறை போட்டுக்கொண்டு போனால் நன்றாக இருக்காது என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விளக்கடியில் உட்கார்ந்து தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.