கண்ணாடிமேல் எழுதிய திருத்தம்

அக்கா வீடு நியூஜெர்சியில், ஹேக்கன்சாக் என்ற ஊரில். அங்கிருந்து பஸ் ஏறி மன்ஹாட்டன் போய், போர்ட் அத்தாரிட்டியில் இறங்கி சி ரயில் பிடித்தால் 81ஆம் தெரு ஸ்டேஷன். மேலே ஏறினால் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அக்கா மகளுக்கு ஒன்பது வயது, அவளுக்கு டைனோசர் பார்க்க வேண்டும். நான் பார்க்க வந்தது ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டியை.

முதலில் சென்ட்ரல் பார்க் பக்கத்து முகப்பைப் பார்த்தோம். குதிரைமேல் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், அவருக்கு இருபுறமும் நடந்து வரும் ஒரு பூர்வகுடி மனிதர், ஓர் ஆப்பிரிக்க மனிதர் என்று 1940 முதல் இங்கே ஒரு வெண்கலச் சிலை நின்றது. ஒருவர் சவாரி, இருவர் நடை என்ற அந்த அடுக்கை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. 2022 ஜனவரியில் சிலையை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தப் படிகளில் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சிலை போய்விட்டது. உள்ளே ரூஸ்வெல்ட் நினைவு மண்டபத்தில் இருக்கும் காட்சிப் பெட்டி போகவில்லை. டயோரமா என்பார்கள்: பின்னால் வளைந்த ஓவியம், முன்னால் மண்ணும் செடியும் உருவங்களும், நடுவே கண்ணாடி. 1939இல் செய்தது. 1660இல் நியூ ஆம்ஸ்டர்டாமில், அதாவது இன்றைய நியூயார்க்கில், மன்ஹாட்டனின் தென்முனையில், டச்சுக் கவர்னர் பீட்டர் ஸ்டைவசன்ட்டும் அந்த மண்ணின் பூர்வகுடிகளான லெனாபே மக்களின் பிரதிநிதிகளும் சந்திப்பதாகக் கற்பனை செய்திருக்கிறார்கள். இது ஏன் ரூஸ்வெல்ட் மண்டபத்தில்? அவருடைய முன்னோர் டச்சுக் குடியேறிகள். தாத்தாவின் ஊரைப் பேரனுக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள்.

நான் பள்ளியில் வரலாறு எடுப்பவள். முதல் பார்வைக்கு இந்தக் காட்சி பாடப்புத்தகப் படம் போல அமைதியாகத்தான் இருக்கிறது. பின்னால் காற்றாலை, கப்பல்கள், கடல். டச்சுக்காரர்கள் தலை முதல் கால்வரை உடுத்தியிருக்கிறார்கள். எதிரே வரும் லெனாபே ஆண்களுக்கு இடுப்புத்துணிதான். அவர்களுக்கும் பின்னால், கண்ணுக்குச் சட்டென்று படாத இடத்தில், பெண்கள். அரைகுறை உடையில், தலை கவிழ்ந்து, சுமையோடு குனிந்து வருகிறார்கள்.

பாப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு காற்றாலையைப் பார்த்தாள், அப்புறம் கப்பல். பிறகுதான், "சித்தி, கண்ணாடியில ஏன் எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள்.

அதற்காகத்தான் வந்தேன். 2018இல் அருங்காட்சியகம் இந்தப் பெட்டியை உடைக்கவில்லை, மூடவும் இல்லை. முன்கண்ணாடியிலேயே பெரிய எழுத்துகளில் ஒட்டிவிட்டது: இந்தக் காட்சியை மறுபரிசீலனை செய்கிறோம். அதைச் சுற்றி, எது எங்கே தவறு என்று அந்தந்த இடத்தைச் சுட்டும் குறிப்புகள். ஒரு சமாதானப் பேச்சுவார்த்தைக்கு வரும் லெனாபே தலைவர்கள் இப்படி அரை உடையில் வந்திருக்க மாட்டார்கள், தங்கள் தகுதியைக் காட்டும் மேலாடையும் அணிகளும் பூண்டுதான் வந்திருப்பார்கள். எதிரே வரும் தலைவருக்குப் பழைய பலகையில் பெயரே இல்லை. அவர் லெனாபேயில் ஒரு பிரிவான ஹேக்கன்சாக் மக்களின் தலைவர் ஒராட்டமினாக இருக்கக்கூடும். இந்தத் திருத்தம் தானாக வந்ததல்ல. 2016 முதல், கொலம்பஸ் அமெரிக்காவுக்கு வந்ததைக் கொண்டாடும் கொலம்பஸ் தினத்தன்று செயற்பாட்டாளர்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்து, இதுபோன்ற காட்சிகளைக் காட்டித் தாங்களே விளக்கம் சொல்லி நடத்திய சுற்றுலாக்களின் நெருக்குதல் அதில் இருக்கிறது.

ஹேக்கன்சாக் என்றதும் பாப்பா நிமிர்ந்தாள். "நம்ம ஊரா?" ஆமாம், நம்ம ஊர்தான். காலையில் பஸ் நெற்றியில் ஒளிர்ந்த அந்தப் பெயர் ஒரு மக்களின் பெயர் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவளுடைய அம்மாவுக்கும்தான். பத்து வருஷமாக அந்த முகவரியை எழுதுகிறாள் அக்கா.

கண்ணாடியில் இடம் போதாதவையும் உண்டு. 1643 பிப்ரவரியில் ஒரே இரவில் டச்சுப் படை பவோனியாவிலும் மன்ஹாட்டனின் கோர்லியர்ஸ் ஹூக்கிலும் தூங்கிக்கொண்டிருந்த நூறுக்கும் மேற்பட்ட பூர்வகுடிகளைக் கொன்றது. பவோனியா என்பது இன்றைய ஜெர்சி சிட்டி, நம்மவர்கள் நிறைய பேர் குடியிருக்கும் இடம். அதைத் தொடர்ந்து மூண்ட போரை முடித்த 1645 ஒப்பந்தத்தில் ஒராட்டமினின் குறி இருக்கிறது. காட்சி நடக்கும் 1660இலேயே, ஹட்சன் ஆற்றோரத்தில் வாழ்ந்த இன்னொரு லெனாபே பிரிவான எசோப்பஸ் மக்களோடு டச்சுக்காரர்கள் போரில் இருந்தார்கள். பிடிபட்ட எசோப்பஸ் ஆட்கள் சிலரை ஸ்டைவசன்ட் அந்த ஆண்டே கரீபியக் கடலின் கியுராசாவோ தீவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றினார். நடுவில் நின்று சமாதானம் பேசியவர்களில் ஒராட்டமினும் ஒருவர். (பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அதே காலத்தில் இருந்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. இங்கே ஆண்டது மேற்கிந்தியக் கம்பெனி. நாடு ஒன்று, கம்பெனி வேறு.) இத்தனையும் தெரிந்துகொண்டு பெட்டிக்குள் பார்த்தால், ஓவியத்தில் நிற்கும் அந்தக் கப்பல்களைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

ஆனால் என்னை அங்கேயே நிறுத்தியது கப்பல் அல்ல, பெண்கள்.

லெனாபே சமூகத்தில் குலம் தாய்வழி. ஓநாய், ஆமை, வான்கோழி என்ற மூன்றில் நீ எது என்பதை உன் அம்மாதான் தீர்மானிக்கிறாள். சோளமும் பீன்ஸும் பூசணியும் பெண்கள் கையில். எசோப்பஸ் மக்களுக்கு மமானுச்குவா என்ற பெண் தலைவியாகவே இருந்திருக்கிறார். அப்படிப்பட்ட சமூகத்துப் பெண்களைப் பேச்சுவார்த்தை நாளன்று கூலிக்காரிகள் போல வரிசையின் கடைசியில் வைத்திருக்கிறார்கள்.

சுமை தூக்குவதில் கேவலம் ஒன்றுமில்லை. எங்கள் ஆயா களத்திலிருந்து நெல் மூட்டை சுமந்து வந்தவள். அவள் தலையசைக்காமல் எங்கள் வீட்டில் ஒரு சென்ட் நிலம் கைமாறியதில்லை. பத்திரக்காரர் வந்தால் கயிற்றுக் கட்டிலில் நடுநாயகமாக உட்காருவாள். யாராவது என் ஆயாவுக்கு ஒரே ஒரு படம் வரைந்து, அதில் முகம் தெரியாமல் மூட்டையோடு குனிய வைத்திருந்தால்? மூட்டை உண்மைதான் என்று சொல்லி அந்தப் படத்தை ஏற்க என்னால் முடியாது. 1939இல் உருவங்கள் செய்தவர்கள் வெறுப்போடு செய்திருக்க வேண்டிய அவசியமில்லை. அந்தப் பெண்களைப் பற்றி யாரையும் கேட்கத் தோன்றாமலே கைதேர்ந்த வேலை செய்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் கூடுதலாக வலித்தது.

அக்கா பின்னால் வந்து நின்றாள். "தப்புன்னு தெரிஞ்சப்புறம் எடுத்துட வேண்டியதுதானே? சிலையை எடுத்தாங்கல்ல?" என்றாள். வரும்போது நானும் அதே எண்ணத்தில்தான் வந்தேன். பெட்டி முன்னால் அரைமணி நேரம் நின்ற பிறகு எனக்கு வேறாகத் தோன்றியது. சிலை தெருவில் நின்றது, போகிறவர் வருகிறவர் எல்லோர் தலைக்கும் மேலே. அதற்குத் திருத்தம் எழுத இடமே கிடையாது. இந்தப் பெட்டி கண் மட்டத்தில் இருக்கிறது. ஓர் அருங்காட்சியகம் தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டு அதன்மேலேயே எழுதிக் காட்டுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எடுத்துவிட்டால் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் இதை உண்மை என்று காட்டினார்கள் என்பதும் சேர்ந்து போய்விடும்.

ஆனாலும் மனசு முழுதாக ஒப்பவில்லை. வகுப்பில் நான் தினமும் பார்ப்பது இது: பிள்ளைகள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு எழுத்து, அதுவும் நேரமிருந்தால். அன்றைக்கும் பெட்டி முன்னால் நின்று போன குடும்பங்கள் பல. நின்று படித்தவர்கள் குறைவு, செல்ஃபி எடுத்தவர்கள் அதிகம். எழுத்து திருத்துகிறது, குனிந்த முதுகு குனிந்தே இருக்கிறது. லெனாபே வழிவந்தவர்கள் இன்று ஓக்லஹோமாவிலும் விஸ்கான்சினிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் வாழ்கிறார்கள். அவர்களைக் கொண்டு பக்கத்திலேயே இன்னொரு பெட்டி செய்ய வேண்டும், அதே ஆண்டு, அதே கடற்கரை, அந்தப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க. எழுத்தோடு நிறுத்திக்கொண்டால் பாதி வேலைதான் ஆயிற்று என்பது என் உறுதியான எண்ணம்.

மேலே கிழக்கு வனப்பகுதிப் பூர்வகுடிகள் அரங்கம் மூடியிருந்தது. பூர்வகுடிச் சமூகங்களின் சம்மதமில்லாமல் அவர்களின் பொருள்களைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று வந்த புதிய விதியால் 2024 ஜனவரியில் மூடினார்கள். சரியான காரியம். டைனோசர்களைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை, பாப்பாவைக் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வாள்.

சாயங்காலம் ரயிலில் தென்முனைக்குப் போனோம். பழைய டச்சுக் கோட்டை இருந்த இடத்தில் இன்று பெரிய சுங்க மாளிகைக் கட்டடம், அதற்குள் அமெரிக்கப் பூர்வகுடிகளின் தேசிய அருங்காட்சியகம். அனுமதி இலவசம். நியூயார்க் மாநிலப் பூர்வகுடிகளைப் பற்றிய நிரந்தர அரங்கம் ஒன்று உள்ளே இருக்கிறது, குழந்தைகளோடு போகிறவர்கள் தவறவிட வேண்டாம்.

வெளியே வந்து எதிரே இருக்கும் பேட்டரி பூங்காவில் கால் நீட்டினோம். அங்கே டச்சுக்காரர்கள் பரிசளித்த ஒரு கொடிமரம், 1926இல் நிறுவியது. அடிப்பீடத்தில் 60 கில்டருக்கு மன்ஹாட்டனை வாங்கியதாகச் சொல்லப்படும் 1626ஆம் ஆண்டுச் சம்பவம், புடைப்புச் சிற்பமாக. எதிரே நிற்கும் பூர்வகுடி மனிதரின் தலையில் பெரிய இறகுக் கிரீடம். அது ஆயிரம் மைலுக்கும் அப்பால் மேற்கே, சமவெளிகளில் வாழ்ந்த மக்களின் கிரீடம், லெனாபேயினுடையது அல்ல என்று பாப்பாவிடம் சொன்னேன். அவள் கிட்டே போய்ச் சிற்பத்தைத் தொட்டுப் பார்த்தாள். கல்லில் விரலை வைத்து ஒவ்வொரு உருவமாக எண்ணிவிட்டுத் திரும்பினாள்.

"சித்தி, இதுல பொம்பளைங்களே இல்லையே."