கரன்ட் வைக்கப் போறீங்களா? முதல்ல பல் டாக்டர் சீட்டு வாங்கிடுங்க

அப்பாவுக்கு நாக்கில் புற்று. ஆபரேஷன் முடிந்ததும் கரன்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்கணும் என்று எழுதிக் கொடுத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டில் அனுமதியும் தகராறு இல்லாமல் வந்துவிட்டது.

கரன்ட் வைக்கும்போது தலை அசையாமல் பிடித்துக்கொள்ள முகத்துக்கு அளவாக மாஸ்க் எடுக்கிற அன்று காசிமேட்டிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பினோம். மதியம் எங்கள் முறை வந்தபோது, "பல் டாக்டர் சீட்டு எங்கம்மா?" என்றார் கவுண்டரில் இருந்தவர். அப்படி ஒன்று வேண்டும் என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று ஃபைலைத் தள்ளிவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தாடையில் கதிர் பட்ட பிறகு பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். அதனால் சொத்தைப் பல்லை முன்கூட்டியே எடுத்துவிட்டு, ஈறு ஆற 2 வாரமாவது விடுவார்கள். ஆபரேஷன் முடிந்து 6 வாரத்துக்குள் கரன்ட் தொடங்கிவிடுவது நல்லது என்பார்கள். அப்படியிருக்க, ஒரு சீட்டுக்காக எங்களுக்கு நாள் ஓடியது. கரன்ட் என்று டாக்டர் சொன்ன அன்றே பல் பிரிவுக்கு எழுதி வாங்கிவிடுங்கள்.

மெஷினில் படுப்பது சில நிமிஷம்தான், வலி கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை போய் வருவோம். மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண். "தண்ணி குடிச்சாலே மொளகாப்பொடி கொட்டினாப்ல எரியுதும்மா" என்றார். குழம்பில் கிடந்த நெத்திலி ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்து, எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு எழுந்துபோனார். வாழ்நாள் முழுக்க மீன் தின்ற மனுஷர். எடை இறங்கி மாஸ்க் தொளதொளவென்று ஆனது. டெக்னீஷியன் கன்னத்தோரம் விரலை நுழைத்துக் காட்டினார். மறுபடி மாஸ்க், மறுபடி ஸ்கேன்.

வாராவாரம் டாக்டர் பார்ப்பார். "சாப்பிடுறீங்களா பெரியவரே?" என்றால் அப்பா தலையாட்டிவிடுவார். அவ்வளவுதான், அடுத்த ஆள். ஒருநாள் படிக்கிற டாக்டர் பொண்ணு ஒருத்தி கியூ.எல்.க்யூ-சி30 என்ற படிவத்தோடு வந்து உட்கார்ந்தாள். தூக்கம், வலி, களைப்பு, கவலை என்று 30 கேள்வி. கடைசிக் கேள்வி, போன வாரம் உங்கள் வாழ்க்கை எப்படி இருந்தது, 1 முதல் 7 வரை சொல்லுங்கள் என்பது. அப்பா 2-இல் விரலை வைத்தார். ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை என்று அன்றைக்குத்தான் வாயைத் திறந்து சொன்னார். எனக்கே தெரியாது!

அன்றே வலி மருந்தை மாற்றினார்கள். சாப்பாட்டுக்கு முன் வாய் மரத்துப்போக மருந்து கொடுத்தார்கள். மூக்கு வழியாக டியூப் போட்டார்கள். டியூப் போட்டால் கதை முடிந்தது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள், காதில் வாங்காதீர்கள். எடை நின்றதே அதனால்தான். அதற்குப் பிறகு தூக்கம், வலி, எடை, மலச்சிக்கல் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி டாக்டர் கையில் நானே கொடுத்தேன். நின்று படித்தார்.

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து அடிக்கடி கொப்பளிக்கச் சொன்னார்கள். கழுத்தில் காரமான சோப்பு, பிளேடு கூடாது. காலர் இல்லாத பருத்திச் சட்டை போடுங்கள்.

கடைசி கரன்ட் முடிந்த கையோடு புண் ஆறிவிடாது. அடுத்த ஓரிரு வாரம் இன்னும் கூடலாம், களைப்பும் அப்படித்தான். வலி மருந்தையும் வாய் மருந்தையும் அதுவரைக்கும் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.