சூளையிலிருந்து மீண்ட பிள்ளைகளைச் சான்றிதழிலும் பள்ளியிலும் சேர்க்க ஐந்து மாதம்

கொத்தடிமையிலிருந்து விடுவித்ததற்கு அரசு தரும் விடுவிப்புச் சான்றிதழைக் கையில் வாங்கிய அன்றே ஒரு வரி ஒழுங்காகப் படித்திருந்தால் இந்த அலைச்சலில் பாதி இருந்திருக்காது. கொத்தடிமைகளாக இருந்து மீண்டவர்களோடு வேலை செய்யும் மற்றவர்களும் அதே இடத்தில் தடுக்கி விழக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

இருளர் குடும்பம். சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டம், வேலை சென்னைக்கு வடக்கே ஒரு செங்கல் சூளையில். 40,000 ரூபாய் முன்பணம் வாங்கிப் போனவர்கள். இரண்டு சீசன் உழைத்தும் கணக்கு தீரவில்லை. சாவுக்கு ஊருக்குப் போகக் கேட்டபோது, “பொண்டாட்டி பிள்ளைகளை இங்கேயே விட்டுட்டுப் போ” என்றிருக்கிறார்கள். புகார், கோட்டாட்சியர் விசாரணை, வண்டி வைத்து ஊருக்கு அனுப்பியது எல்லாம் மூன்று நாளில் முடிந்தது. அந்த அதிகாரிகளைக் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் காகிதத்தில் இருந்தது. சான்றிதழில் கணவன், மனைவி பெயர் மட்டும். 12 வயது மகளும் 9 வயது மகனும் ‘உடன் இருந்த குழந்தைகள் 2’ என்று ஒரு எண்ணாக நின்றுவிட்டார்கள். அந்தப் பெண் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, அப்பா அறுத்துப் போட்ட பச்சைக் கல்லைத் திருப்பிக் காயவைத்து அடுக்கியவள். அவளும் வேலை செய்தவள்தானே? மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் மீட்கப்பட்டவருக்கு உடனடியாக 30,000 ரூபாய் வரை உண்டு. வழக்கில் தண்டனை ஆன பிறகு ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம். சான்றிதழில் பெயர் இல்லாத குழந்தைக்கு இதில் எதுவும் வராது.

திருத்தம் கேட்டுப் போனால், சான்றிதழ் கொடுத்த அலுவலகத்தில், “குடும்பம் இப்போ உங்க மாவட்டத்துல இருக்கு, அங்கேயே கேளுங்க” என்றார்கள். இங்கே வந்தால், “கொடுத்தவங்கதான் திருத்தணும்.” மூன்று முறை போய் வந்தோம். ஒவ்வொரு முறையும் இரண்டு பேருக்கும் ஒரு நாள் கூலி போனது. மூன்றாவது முறை எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “பெரியவங்க பேர்ல வந்திருக்கே, பிள்ளைங்களுக்கு எதுக்கும்மா?” என்றார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்த அந்த அம்மா, “விடு அக்கா, உசிரோட வந்துட்டோம்ல” என்றாள். எனக்கு மனசு ஆறவில்லை.

ஆகவே முதல் எச்சரிக்கை: விசாரணை நடக்கும்போதே, வேலை செய்த ஒவ்வொரு பிள்ளையின் வாக்குமூலமும் தனியாகப் பதிவாகிறதா என்று பாருங்கள். சான்றிதழை வாங்கியதும் பெயர்களை ஆதாரோடு ஒத்துப் பாருங்கள். இவர்கள் விஷயத்தில் அப்பா பெயரின் கடைசி எழுத்து ஒன்றில் ‘ன்’, இன்னொன்றில் ‘ஷ்’. அந்த ஒரு எழுத்தால் வங்கிக் கணக்கு ஆறு வாரம் தள்ளிப்போனது.

பள்ளிக்கூடத்தில் அடுத்த கதை. மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றும் கேட்டார்கள். சூளைக்கும் ஊருக்கும் அலைந்த பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? கல்வி உரிமைச் சட்டம், 2009-ஐ அச்செடுத்துக் கொண்டு போனேன். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக்கூடாது என்பது 14ஆவது பிரிவு. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டக்கூடாது என்பது 5ஆவது பிரிவு. தலைமை ஆசிரியர் இரண்டு முறை படித்தார். சரி, சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் எழுத்து தெரியாதே, இரண்டாம் வகுப்பில் உட்காரட்டும் என்றார்.

12 வயதுப் பெண்ணை ஏழு வயதுக் குழந்தைகளோடு உட்கார வைத்தால் ஒரு வாரத்தில் நின்றுவிடுவாள். 4ஆவது பிரிவைக் காட்டினேன். வயதுக்கேற்ற வகுப்பு, கூடவே சிறப்புப் பயிற்சி. வட்டார வள மையத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, ஏழாம் வகுப்பில் சேர்த்தார். தம்பி நான்காம் வகுப்பு. சாயங்காலம் ஒரு மணி நேரம் தனிப் பாடம்.

கணக்கு டீச்சர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். பலகையில் பெருக்கல் போட்டால் பேசாமல் நிற்கிறாளாம். மேசையில் தீப்பெட்டிகளை வரிசை வரிசையாக அடுக்கி எத்தனை என்று கேட்டால், எண்ணாமலேயே பார்த்த மாத்திரத்தில் சொல்கிறாள். சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அப்பா ஏமாந்துவிடக் கூடாது என்று அடுக்கை எண்ணியது அவள்தான். விரல் நுனி இன்னும் தேய்ந்துதான் இருக்கிறது. ஆதார் கைரேகை இரண்டு முறை பதியவில்லை. (இப்படி ஆனால் கருவிழிப் பதிவு கேளுங்கள். அங்கே யாரும் தானாகச் சொல்லவில்லை.)

அப்புறம் அவர்கள் குடியிருப்பில் ஒரு கூட்டம் போட்டோம். அடுத்த சீசனுக்கு மேஸ்திரி முன்பணத்தோடு வருவதற்கு முன்பே போட்டது நல்லதாகப் போயிற்று. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது, அந்தச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனே செல்லாது, திருப்பிக் கட்டத் தேவையில்லை என்று சொன்னபோது ஒரு பாட்டி, “அப்ப எங்க வீட்டுக்காரர் கட்டினது?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

ஐந்தாவது மாதம், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்த பிறகுதான் சான்றிதழ் கொடுத்த மாவட்டத்துக்குக் கடிதம் போனது. பிள்ளைகள் இரண்டு பேர் பெயரும் சேர்ந்த திருத்தப்பட்ட சான்றிதழ் வந்தது. முதலிலேயே அங்கே போயிருக்கலாம். மனு எண் எழுதிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதைக் காட்டினால்தான் அடுத்த மேசையில் பேசவே செய்கிறார்கள்.

பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. வரும் திங்கட்கிழமை மறுபடி போகிறோம். இந்தத் தடவை மனுவின் கீழே தானே கையெழுத்துப் போடுவதாக மகள் சொல்லியிருக்கிறாள்.