பனிமனிதனும் அட்டையும்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் இருக்கும் எங்கள் முன்பள்ளிச் சுவரில் பருவகாலப் படம் ஒன்று தொங்குகிறது. நான்கு கட்டம், கடைசிக் கட்டத்தில் தொப்பி போட்ட பனிமனிதன்.

இன்று, "மழைக்காலம் வந்துருச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். குடை, மேகம் என்பார்கள் என நினைத்தேன். ஒரு வாண்டு காற்சட்டையைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டியது: "அட்டை கடிக்கும் டீச்சர்!" அப்புறம் வகுப்பே காலைத் தூக்கியது. "அம்மாவோட படங்கு அடுப்புக்கிட்ட காயும்" என்றாள் இன்னொருத்தி; கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டிக்கொள்ளும் கனத்த விரிப்பு அது.

சரி, படத்தைத் திருப்பி வைத்துவிட்டு மண்ணில் ஒரு மலை பிடித்தோம். இந்தப் பக்கம் ஹட்டன், அந்தப் பக்கம் பதுளை. தண்ணீர் விசிறும் போத்தலால் ஹட்டன் பக்கமிருந்து அடித்தேன். மே முதல் செப்டெம்பர் வரை இப்படித்தான். தென்மேற்குக் காற்று இங்கே கொட்டித் தீர்த்துவிட்டு, மலை தாண்டும்போது வறண்டுவிடும். டிசம்பரில் வடகீழ்க் காற்று, பதுளையின் முறை.

பனியும் நமக்கு உண்டுதான். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் நுவரெலியாப் புல்லில் வெள்ளையாகப் படியும். மனிதன் செய்யத்தான் போதாது.

கணுக்கால்காரன் மண்மலையின் காய்ந்த பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அப்ப பதுளையில அட்டைக்கு லீவா டீச்சர்?"