பினாங்கு அஞ்சடியில் மடியும் கட்டங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகர் ஜார்ஜ்டவுனுக்கு வருகிறவர்கள் சுவர் ஓவியங்களைத் தேடி அலைகிறார்கள். காலடியில் கிடப்பதையும் கொஞ்சம் பாருங்கள். பழைய கடைவீடுகளின் அஞ்சடியில், அதாவது கடைக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையில், சிமென்ட் டைல் தரை இன்னும் இருக்கிறது. இரண்டு நிறம் மாறி மாறி வரும் தரை ஒன்று கண்ணில் பட்டால் அங்கேயே நில்லுங்கள். கடை திறக்குமுன் போவது நல்லது. அப்புறம் மோட்டார் சைக்கிளும் சாமான்களும் தரையை மறைத்துவிடும். வீட்டுக்கு வீடு மட்டம் மாறும், படி பார்த்து நடங்கள்.

கண் 150 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, டைல் 20 செ.மீ. சதுரம் என்று வையுங்கள். 2 மீட்டர் தள்ளி இருக்கும் டைலின் நீளவாட்டம் (நம்மிடமிருந்து விலகிப் போகும் பக்கம்) கண்ணில் எடுக்கும் கோணம் ஏறக்குறைய 2.7 டிகிரி, 4 மீட்டரில் 0.9 டிகிரிதான். அகலமோ 4.6-இலிருந்து 2.7-க்குத்தான் இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து குறைவதால்தான் தரை தூரமாகப் போவது நமக்குத் தெரிகிறது.

பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1961-இல் வரைந்த ‘மூவ்மென்ட் இன் ஸ்குவேர்ஸ்’ கை வைப்பது இங்கேதான். கறுப்பு வெள்ளைக் கட்டங்களின் அகலம் மட்டும் சுருங்குகிறது, உயரம் மாறுவதில்லை. அகலம் ‘உள்ளே போகிறது’ என்கிறது, உயரம் ‘இல்லை, தட்டைதான்’ என்கிறது. கண்ணால் ஒரு முடிவுக்கு வர முடியாது. பலகை மடிந்து அசைகிறது. வண்ணமே இல்லாமல் இதைச் சாதித்ததுதான் எனக்குப் பெரிய வியப்பு.

வரைந்து பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த ஏ3 தாளை, நீளப் பக்கம் மேலும் கீழுமாக வரும்படி வைத்து, 30 மி.மீ. உயரத்தில் 10 வரிசை போடுங்கள். பத்திகளின் அகலம் இடமிருந்து 30, 29, 28, 26, 23, 19, 15, 10, 5 மி.மீ.; பிறகு 4, 9, 15, 21, 26. உருண்டைத் தூணைச் சுற்றிய கட்டங்கள் ஓரத்தில் ஒடுங்கும் கணக்கு இது: முதலில் மெல்லக் குறைந்து, கடைசியில் சட்டென்று விழ வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே 3 மி.மீ. குறைத்தால் மடிப்பு மந்தமாகிவிடும்.

கெடுவது பெரும்பாலும் மூலைகளில். கறுப்புக் கட்டங்கள் புள்ளியில் தொட வேண்டும், ஒரு மி.மீ. இடைவெளி விட்டாலும் கண் அந்தப் பிசிறையே பிடித்துக்கொள்ளும், அசைவு நின்றுபோகும். பினாங்கு ஈரக்காற்றில் மை காயத் தாமதமாகும், மெல்லிய தாள் அலையடிக்கும். ஆகவே கறுப்புக் கட்டங்களை ஒன்று விட்டு ஒன்றாகத் தீட்டி, காய்ந்தபின் இடையில் விட்ட கறுப்புக் கட்டங்களுக்குப் போங்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் முடித்த படத்தை நெடுநேரம் உற்றுப் பார்க்க வேண்டாம்.