ஏழு விநாடி

2025 ஏப்ரல் 16, புதன்

புத்தாண்டுப் பலகாரம் தட்டில் அப்படியே இருக்கிறது. நேற்று இரவு பதினொரு மணிக்குப் பிறகு, தங்கச்சியின் தேர்தல் பேச்சிலிருந்து வெட்டிய அந்த வீடியோ வந்தது. ஏழு விநாடிதான்.

மட்டக்களப்பு மாநகர சபைத் தேர்தலில் நிற்கிற தங்கச்சி அந்தக் கூட்டத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் பேசினாள். எந்த ஒழுங்கையில் வடிகான் மண் மூடிக் கிடக்கிறது, குப்பை வண்டி எங்கே திரும்ப முடியாமல் நிற்கிறது, எல்லாம் சொன்னாள். வாவி நிரம்பினால், அது கடலோடு சேர்கிற பாலமீன்மடுவில் முகத்துவாரம் வெட்டும் வரைக்கும் தண்ணீருக்குப் போக வழியில்லை, அதற்கு மாநகர சபை மட்டும் போதாது, கச்சேரியோடும், அதுதான் மாவட்டச் செயலகத்தோடும், கதைக்க வேண்டும் என்று விளக்கினாள். கடைசியில் "எங்களைச் சபைக்கு அனுப்புங்கள், இந்த வட்டாரத்துக்கு வெள்ளம் வரும்" என்றாள். 'வராது' என்று சொல்ல வந்தவள். நானும் அங்கேதான் இருந்தேன், என் காதில் 'வராது' என்றுதான் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசை ஆச்சிமார் தலையாட்டினார்கள். அவளுக்கே தெரியாது.

ஏப்ரல் 17

இன்று அதே வீடியோவில் போன நவம்பர் வெள்ளப் படங்களை ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று மாவடிப்பள்ளிப் படம். 2024 நவம்பர் 26 அன்று மதரசாப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதே, அந்த இடம். அந்தப் பெற்றோருக்கு இன்னும் கண்ணீர் காயவில்லை. அவர்களுடைய துக்கத்தை எடுத்து, ஒரு பெண்ணின் வாய் தவறிய சொல்லுக்குப் பக்கத்தில் வைத்து, கீழே சிரிக்கிற முகங்கள் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கியது. அரசியலுக்கு ஒரு எல்லை இல்லையா?

ஏப்ரல் 18

அம்மா ஒன்றைத்தான் கேட்கிறார். "அவள் சாப்பிட்டாளா?"

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஆறு வருடம். இன்று வீடு வீடாகப் போகவில்லை. யாரும் சொல்லவில்லை, தங்கச்சி தானாகவே துண்டுப்பிரசுரக் கட்டை அலுமாரிக்குள் வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 21

மறுப்பு வீடியோ போட்டு மூன்று நாளாகிறது. அதை அநேகமாக எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். தவறிய சொல் ஊரெல்லாம் ஓடுகிறது, திருத்திய சொல் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

இரவெல்லாம் இதைப் பற்றித்தான் யோசனை. அமெரிக்காவில் 1976 அக்டோபரில் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட் தேர்தல் விவாத மேடையில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார். விவாதம் முடிந்த உடனே கேட்டபோது, யார் வென்றது என்பதில் பார்த்தவர்களிடையே பெரிய வித்தியாசம் இல்லை. மறுநாள் தொலைக்காட்சியும் பத்திரிகைகளும் அந்த ஒரு வசனத்தையே திருப்பித் திருப்பிக் காட்டின. அதன் பிறகு கேட்டால், அவரை எதிர்த்து நின்ற கார்ட்டர்தான் வென்றார் என்று பெரும்பாலானோர் சொன்னார்கள். நாடே கேட்ட பேச்சு அது. ஆனால் எதைக் கேட்டோம் என்பதை மறுநாள்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஃபோர்ட் சொன்னது ஒரு நாட்டுத் தலைவரின் கொள்கையைத் தொட்ட பேச்சு. அதைக் கேள்வி கேட்டது நியாயம். அதைத் திருத்தவும் அவர் நாட்கணக்கில் மறுத்தார். தங்கச்சி விஷயம் அப்படியா? வெள்ளம் வரவேண்டும் என்று விரும்புகிற வேட்பாளர் மட்டக்களப்பில் இருக்க முடியுமா? பகிர்ந்த ஒருவருக்காவது அது உண்மையென்று பட்டிருக்குமா? படாது. அவர்களுக்கு அவள் சொல்ல வந்தது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே செய்கிறார்கள். அதுதான் என்னால் தாங்க முடியாதது.

ஏப்ரல் 23

அந்த வீடியோவில் பெனரின் பின்பக்கமும் மேடையின் இடது படியும் தெரிகின்றன. இடது பக்கக் கதிரைகளில் இருந்தது முழுக்க எங்கள் ஆட்கள்.

ஏப்ரல் 24, வியாழன்

தபால் மூல வாக்களிப்பு தொடங்கிவிட்டது. ஆசிரியர்கள், கச்சேரி ஊழியர்கள் எல்லோரும் இன்று முதல் போடுகிறார்கள். பக்கத்து வீட்டு ரீச்சர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னகா, தங்கச்சி ஏன் அப்படிக் கதைச்ச?" என்று கேட்டார். முழுப் பேச்சையும் கேட்டீங்களா என்றேன். இல்லை என்றார். கேட்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டதாக நீலச் சரி விழுந்திருக்கிறது. பதில் இல்லை.

ஏப்ரல் 26

இன்று வீட்டில் பெரிய சண்டை.

எதிர்ப்பக்க வேட்பாளர் நேற்றுக் கூட்டத்தில் சூறாவளியைப் பற்றிப் பேசும்போது "எண்பத்தெட்டுச் சூறாவளி" என்று சொல்லிவிட்டாராம். மட்டக்களப்பில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், அது 1978 நவம்பர் 23. அம்மா இன்றைக்கும் அந்த இரவைச் சொன்னால் குரல் உடையும். ஓடு பறந்து, தென்னைகள் எல்லாம் விழுந்து, விடிந்து பார்த்தால் ஊரே வேறு ஊராக இருந்ததாம். எங்கள் பொடியன்கள் உடனே அதை வெட்டி, "சொந்த ஊர்ச் சரித்திரம் தெரியாதவர்" என்று பெரிய எழுத்தில் போட்டு, தங்கச்சியிடம் காட்ட ஓடி வந்தார்கள்.

அவள் பார்த்தாள். "இதைப் போடக்கூடாது" என்றாள்.

"அக்கா, அவங்க உங்களுக்குச் செஞ்சத நாங்க செஞ்சா பிழையா?" என்று ஒருவன் குதித்தான். அவள் குரலை உயர்த்தவில்லை. "அந்த ஐயா என்ன கேட்டவர்? கரையோரப் பள்ளிக்கூடங்கள புயலுக்குத் தாங்குற மாதிரி கட்டோணும் எண்டு கேட்டவர். அது சரியான கதை. நான் சபைக்குப் போனா நானும் அதத்தான் கேப்பன். பிறகு எந்த முகத்தோட கேக்கிறது?"

நான் அவள் பக்கம்தான் நின்றேன். பொடியன்களின் கோபம் எனக்கு விளங்காமல் இல்லை, பத்து நாளாக அவர்களும் அடி வாங்குகிறார்கள். ஆனால் அவர் அதை எண்பத்தெட்டு என்றால் என்ன, எழுபத்தெட்டு என்றால் என்ன, இந்தக் கரையில் அடுத்த புயல் வந்தால் ஓடிப்போய் ஒதுங்க இடம் இருக்கிறதா என்பதுதானே கேள்வி. அந்தக் கேள்வியை ஒரு மனுஷன் மேடையில் கேட்டிருக்கிறார். அதைக் கேலியில் மூடினால் எங்கள் வட்டாரத்துக்குத்தான் நட்டம்.

ஏப்ரல் 27

யாரோ போட்டுவிட்டார்கள். பெயரில்லாத பக்கம். தங்கச்சி அந்த ஐயாவின் வீட்டுக்கே போய் வருத்தம் சொல்லிவிட்டு வந்தாள். பிளேன்ரீ கொடுத்தார்களாம். வேறொன்றும் சொல்லவில்லை.

இடது பக்கக் கதிரைகள். அந்தப் பெயரில்லாத பக்கத்தையும், அங்கிருந்து வீடியோ எடுத்த அதே ஆள்தான் நடத்துகிறானா?

ஏப்ரல் 29

விடிய சின்னண்ணா ஸ்காபரோவிலிருந்து எடுத்தார். கனடாவில் நேற்றுத் தேர்தல் முடிந்து லிபரல் கட்சி மறுபடி வந்துவிட்டது. எங்களுக்காகவே ஒரு கதை வைத்திருந்தார். மார்ச்சில் லிபரல் தலைவர் மார்க் கார்னி தன் கட்சி வேட்பாளர் நத்தாலி ப்ரோவோவின் பெயரை மேடையில் பிழையாகச் சொன்னாராம். அது மட்டுமில்லை. அந்தப் பெண் 1989இல் மொன்றியல் பொலிடெக்னிக்கில் பதினான்கு பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்ட அன்று, தானும் சூடு பட்டு உயிர் தப்பியவர். கார்னி அதை கொன்கோர்டியா பல்கலைக்கழகம் என்று சொல்லிவிட்டார். கியூபெக்கில் நன்றாக வாங்கிக் கட்டினார். மன்னிப்புக் கேட்டார். இப்போது கார்னியும் வென்றார், அந்தப் பெண்ணும் வென்றார்.

அண்ணா இதை ஆறுதலுக்குச் சொன்னார். அவுஸ்திரேலியாவில் அல்பனீசிக்கும் 2022இல் பிரசாரத்தின் முதல் நாளே வேலையின்மை வீதம் வாயில் வரவில்லை, அவரும்தான் வென்றார் என்றார். சரி. ஆனால் அவர்கள் கட்சித் தலைவர்கள். ஒரு நாளைக்கு விழுந்தாலும் மறுநாள் எழுந்து பேச நூறு மைக் முன்னால் இருக்கும். சுயேச்சைக் குழுவில் முதல் தடவை நிற்கிற பெண்ணுக்கு அடுத்த மைக்கை யார் கொடுப்பது? நேற்றும் ஒரு கோயில் நிர்வாகத்தார் "பிறகு பார்ப்போம்" என்று மண்டபத்தைத் தராமல் விட்டார்கள்.

நாலில் ஒரு பங்கு பெண்கள் என்ற சட்டம் வந்து 2018இல்தான் முதல் தேர்தல். அதற்கு முன் இந்த நாட்டு உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தங்கச்சியின் வீடியோவுக்குக் கீழே அதிகம் பேர் எழுதியது வெள்ளத்தைப் பற்றி இல்லை. "பொம்பிளைக்கு ஏன் மைக்" என்பதுதான். இருபது வருடம் மேடையில் நின்று பழகியவர் ஒரு சொல்லும் தவறாமல் அழகாகப் பொய் சொல்லிவிட்டுப் போகிறார். அவரை வெட்டி ஒட்ட ஆளில்லை.

மே 2

சந்தியில் நின்ற பொடியன்கள் அவளைக் கண்டதும் "வெள்ளம் வருது, வெள்ளம் வருது" என்று கத்தினார்கள். தங்கச்சி நேரே போய் "தம்பி, நீங்க எந்த ஒழுங்கை?" என்று கேட்டாள். சொன்னான். "உங்கட மதகு ரெண்டு வருசமா அடைச்சுக் கிடக்கு, இல்லையா?" ஓம் என்றான். பிறகு நாங்கள் அங்கே நெடுநேரம் நின்றோம். ஒருவன் போனில் மதகின் படத்தைக் காட்டினான். இன்னொருவன் விலகிப் போய்விட்டான், போகும்போது வீடியோ எடுத்தான் என்று நினைக்கிறேன்.

அவள் இன்று இரண்டு தரம் சோறு கேட்டுச் சாப்பிட்டாள். அம்மாவுக்கு அதுவே போதும்.

மே 4

நேற்று நள்ளிரவோடு பிரசாரம் முடிந்தது. இனி நாங்கள் கூட்டம் போடக்கூடாது, துண்டுப்பிரசுரம் கொடுக்கக்கூடாது. நாங்கள் கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஏழு விநாடி இன்று காலையிலும் புதிதாக மூன்று குழுக்களில் வந்தது. முறைப்பாடு செய்தோம். குறித்துக்கொண்டோம் என்றார்கள்.

மே 5

நித்திரை இல்லை. அவளும் முழித்துத்தான் இருக்கிறாள், அறையில் லைட் எரிகிறது.

மே 6, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே தங்கச்சி போட்டுவிட்டு வந்தாள். நாலு மணிக்கு வாக்களிப்பு முடியும், பெட்டியை அங்கேயே உடைத்து எண்ணுவார்கள். ரீச்சர் வீட்டிலிருந்து இப்போதுதான் வட்ஸ்அப்பில் பதில் வந்தது: "முழுதும் கேட்டேன். முகத்துவாரம் பற்றிச் சொன்னதை எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் வந்து சொல்லலாமா?" தபால் வாக்கை எப்போதோ போட்டுவிட்டாரே என்ற நினைப்பு ஒரு பக்கம். இருந்தாலும் தங்கச்சியிடம் காட்டினேன், திகதியைக் கேட்கச் சொல்கிறாள்.

ஓட்டோ வந்துவிட்டது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். மிச்சத்தை வந்து