லீவு கேட்ட பையன்கள்

"அது கோயிலாப்பா?"

எடின்பரோ ரீஜண்ட் ரோட்டில் பஸ் போகும்போது மகள் கேட்டாள். கால்டன் குன்றின் சரிவில் வரிசையாகக் கிரேக்கத் தூண்கள். மழையில் நனைந்து கன்னங்கரேலென்று நிற்கிற கல்.

பள்ளிக்கூடம் என்றேன். நம்பவில்லை.

தாமஸ் ஹாமில்டன் வடிவமைத்து, 1829இல் கட்டி முடிந்த ராயல் ஹை ஸ்கூல் கட்டடம். பள்ளியோ அதைவிட ரொம்பப் பழசு. 1128 என்று பிறந்த வருஷம் சொல்லிக்கொள்ளும். வால்டர் ஸ்காட், கிரஹாம் பெல் எல்லாம் இதன் மாணவர்கள்தான்.

அவளுக்கு அதெல்லாம் ஏறவில்லை. 1595 கதை ஏறியது.

லீவு கேட்டுக் கொடுக்கவில்லை என்று பையன்கள் பள்ளிக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். கையில் துப்பாக்கி வேறு! நகர அதிகாரி ஜான் மக்மோரன் கதவை உடைக்க ஆள்களோடு வந்தார். உள்ளிருந்து ஒரு பையன் சுட்டான். அந்த இடத்திலேயே போய்விட்டார்.

"அப்புறம் லீவு விட்டாங்களா?"

பெண்ணுக்கு அதுதான் கவலை.

1968இல் பள்ளி நகரின் வேறொரு பகுதியான பார்ன்டனுக்குப் போய்விட்டது. 1973இல்தான் பெண் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். என் மகள் வயசுப் பெண் ஒருத்திகூட இந்தத் தூண்களுக்கு நடுவே மாணவியாக நடந்திருக்க முடியாது. அதை அவளிடம் சொல்லவில்லை.

காலியான கட்டடத்தை ஸ்காட்லாந்துச் சட்டமன்றத்துக்காகத் தயார் செய்தார்கள். 1979 வாக்கெடுப்பில் 'வேண்டும்' என்றவர்களே அதிகம். ஆனாலும் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேராவது 'வேண்டும்' என்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் மாட்டிக்கொண்டது. பிற்பாடு பாராளுமன்றம் வந்தபோது கீழே ஹோலிரூட்டில் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள்.

மணி அடித்துப் பிள்ளைகள் ஓடிவராத பள்ளிக்கூடம், எத்தனை தூண் வைத்தாலும், பார்க்க என்னமோ மாதிரிதான் இருக்கிறது.